காலைப் பொய்

மிளகு: ...கேட்டுச்சா, அண்ணி?

அண்ணி: எது?

மிளகு: மணி. இந்த வாள் மணியா அடிச்சுதா?

அண்ணி: இல்லையே. நீ பொய் சொல்லிட்டியா என்ன? ஜமக்காளத்தை உதறுற சத்தத்துல என் காதுல ஒண்ணும் விழல.

மிளகு: அதானே! காதுல விழாத பொய்க்கு அது எப்படி அடிக்கும்? அதைக் கீழ போடுங்க. இப்படி வந்து நில்லுங்க. என் வாயையே பாருங்க.

அண்ணி: பல்லு தேய்ச்சியா?

மிளகு: அண்ணி! இன்னும் ரெண்டு மணி நேரத்துல மேல்கரைக்காரங்களும் கீழ்கரைக்காரங்களும் இந்த வாளுக்கு முன்னால வந்து உக்காந்து சத்தியம் பண்ணப்போறாங்க. இப்பவா விளையாட்டு?

அண்ணி: சரி, சரி. சொல்லு. வாளைச் சோதிக்க இன்னிக்குக் காலைப் பொய் என்ன?

மிளகு: கடல் தாண்டிப் போய் மணி வார்க்கிற பட்டறையில சேரணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

அண்ணி: ...

மிளகு: ...

அண்ணி: கம்முனு இருக்கே.

மிளகு: மூணாவது நாள், அண்ணி.

அண்ணி: என்ன மூணாவது நாள்?

மிளகு: முந்தாநாளும் அடிக்கல. நேத்தும் அடிக்கல. ரெண்டு நாளும் 'ரொட்டி கருகுதா'ன்னு கேட்டுக்கிட்டே நீங்க பாதியில அடுப்பங்கரைக்கு ஓடிட்டீங்க. அதனாலதான் அடிக்கலன்னு என்னையே தேத்திக்கிட்டேன்.

அண்ணி: நோட்டுல ரெண்டு நாளும் 'வாள் ஒலித்தது'ன்னு எழுதியிருக்கே. என் கண்ணால பாத்தேனே.

மிளகு: அது... எழுதினது.

அண்ணி: எழுதினா?

மிளகு: வாளுக்குப் படிக்கத் தெரியாதுல்ல.

அண்ணி: அடிப்பாவி! உனக்கு மிளகுன்னு பேர் வெச்சவங்க வாயில சர்க்கரையைத்தான் போடணும். ஆள் இத்தினியூண்டு, காரியம் மட்டும் உச்சந்தலைக்கு ஏறுது.

மிளகு: திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப என்ன பண்றது?

அண்ணி: கயித்தைப் பாத்தியா? ஈரமா இருந்தா அடிக்காது. மழை பெஞ்சப்போ ஒரு தடவை அப்படி ஆச்சே.

மிளகு: ரெண்டு பட்டுக்கயிறும் காஞ்சு முறுக்கா இருக்கு. வாள் உத்தரத்துலயும் இடிக்கல, சுவத்துலயும் படல. அந்தரத்துலதான் தொங்குது. கிராம்பு எண்ணெய் போட்டு, பிடியிலேருந்து முனை வரைக்கும் ஒரே இழுப்பா துடைச்சாச்சு.

அண்ணி: ஒருவேளை விரிசல் விட்டிருச்சோ?

மிளகு: இருங்க, விரலால சுண்டிப் பாக்கறேன்... ஷ்ஷ், மூச்சு விடாதீங்க.

அண்ணி: ...

மிளகு: இல்லை. சுத்தமான சத்தம். அடியிலேருந்து முனை வரைக்கும் ஓடி, திரும்பி வருது. விரிசல் இருந்தா வழியில தடுக்கி விழும்.

அண்ணி: எனக்கு 'ணங்'குனு மட்டும்தான் கேட்டுச்சு. உனக்கு எப்படிடி இவ்வளவும் கேக்குது?

மிளகு: எல்லாருக்கும்தான் கேக்கும், கவனிச்சா.

அண்ணி: யாருக்கும் கேக்காது. அதனாலதான் அந்தப் பட்டறைக்காரி உன்னைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதியிருக்கா.

மிளகு: அந்தக் கடிதத்தை விடுங்க. போகலன்னு நான்தான் சொல்லிட்டேனே.

அண்ணி: எங்க வெச்சு சொன்னே?

மிளகு: எங்க வெச்சு சொன்னா என்ன?

அண்ணி: கிணத்தடியில வெச்சு சொன்னே. இந்த நிலைப்படியைத் தாண்டி, நடையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வாளிச் சத்தத்துக்கு நடுவுல. நிலைப்படிக்கு வெளியில பேசறது இதோட காதுக்கு எட்டாதுங்கறது இந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

மிளகு: தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தேன், அங்கேயே சொன்னேன். அண்ணி, பேச்சை மாத்தாதீங்க. வாள் செத்துப்போச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?

அண்ணி: மதகை யார் திறக்கறது, யார் மூடறதுன்னு ரெண்டு கரையும் ஏழு வருஷமா மண்டையை உடைச்சுக்குது. இதுக்கு முன்னால பேசினாத்தான் நம்புவோம்னு இன்னிக்குத்தான் இறங்கி வந்திருக்காங்க. அடிக்காத வாளுக்கு முன்னால ஆளாளுக்குப் பொய் சத்தியம் பண்ணிட்டுப் போவாங்க. அடுத்த கோடையில மறுபடியும் கம்பைத் தூக்குவாங்க.

மிளகு: காவல் நம்ம கையை விட்டுப் போயிரும். வீடும் போயிரும். நாப்பது வருஷ யுத்தத்தை நிறுத்தின வாள், ரெண்டு பொம்பளைங்க கையில ஊமையாப் போச்சுன்னு கதை கட்டுவாங்க.

அண்ணி: கதைன்னதும் ஞாபகம் வருது. வந்தவங்களுக்குக் கதை சொல்ல வேண்டியது நீதானே? ஒப்பிச்சுப் பாத்தியா?

மிளகு: இப்ப அதுவா முக்கியம்?

அண்ணி: சொல்லேன். எனக்கு ஒரு யோசனை ஓடுது, அது முடியற வரைக்கும் சொல்லு.

மிளகு: ரெண்டு ராஜா, நாப்பது வருஷம் சண்டை. ஒரு ராணி, தன் மண்டபத்து மணியை உருக்கி வாளாக்கினா. பொய் சாட்சி சொன்னா தானா அடிக்கிற மணி அது. வாளைத் தோள்ல வெச்சுக்கிட்டு ரெண்டு படைக்கும் நடுவுல நடந்தா. 'எதுக்குச் சண்டை போடறீங்கன்னு ஆளுக்கொரு காரணம் சொல்லுங்க'ன்னா. ஒருத்தன் நாட்டுக்காகன்னான், அடிச்சுது. ஒருத்தன் நியாயத்துக்காகன்னான், அடிச்சுது. ரெண்டு நாள் விடாம அடிச்சுது. குதிரையெல்லாம் மிரண்டு ஓடிருச்சு.

அண்ணி: மூணாம் நாள்?

மிளகு: மூணாம் நாள் ஒரு ராஜா, 'எதுக்குன்னு எனக்கே மறந்துபோச்சு'ன்னான். வாள் சும்மா இருந்துச்சு. யுத்தம் நின்னுச்சு. ஒரு தலையைக்கூட வெட்டாம ஜெயிச்ச ஒரே வாள் இதுதான். போதுமா?

அண்ணி: அது அடிச்சதாலயா யுத்தம் நின்னுச்சு?

மிளகு: அடிக்காம இருந்ததாலதான். இப்ப எதுக்கு இந்தக் கேள்வி?

அண்ணி: உனக்கு ஒண்ணும் தோணலையா?

மிளகு: நீங்க எதையாவது மறைச்சா கேள்வியாக் கேப்பீங்கன்னு மட்டும் தோணுது. கேள்விக்கு வாள் அடிக்காதுல்ல. இந்த அறைக்குள்ள பதினோரு வருஷமா நீங்க பேசினதுல பாதி கேள்விதான்.

அண்ணி: அப்படியா?

மிளகு: பாத்தீங்களா!

அண்ணி: மாமியார் கூடவே இருக்கற வீட்டுல மருமக பின்ன எப்படிப் பேசறதாம்?

மிளகு: வாளைப் போய் மாமியார்னு சொல்றீங்களே. யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?

அண்ணி: உங்கம்மாவை நான் பாத்ததே இல்ல. நான் வாழ வந்தப்போ இந்த வீட்டுல இருந்தது பதினஞ்சு வயசு நீயும் இதுவும்தான். நான் என்ன சொன்னாலும் குறை சொல்றது இது ஒண்ணுதான். அப்ப இதுதானே என் மாமியார்?

மிளகு: முதல் நாளே அடிச்சுதே! எங்கண்ணன், 'வீடு பிடிச்சிருக்கா'ன்னான்...

அண்ணி: 'ரொம்பப் பிடிச்சிருக்கு'ன்னேன். தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. அவரு கப்பலேறின அப்புறமும் எதிர்வீட்டுக்காரி அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. சரி வா. முறையாப் பாத்துருவோம். ஒரு பொய்க்கு என்னென்ன வேணும்?

மிளகு: விஷயம் பொய்யா இருக்கணும். சொல்றவ மனசுல ஏமாத்தற எண்ணம் இருக்கணும். நம்பறதுக்கு ஒரு ஆள் இருக்கணும். அதுக்குத்தானே காவலுக்கு எப்பவும் ரெண்டு பேர்.

அண்ணி: ரெண்டு பேர் சரி. நம்பறதுக்கு எங்க போறது? பதினோரு வருஷமா தினம் ஒருத்திக்கொருத்தி பொய் சொல்லிச் சொல்லி சரக்கே தீர்ந்துபோச்சு. எலி சொன்னோம், பாம்பு சொன்னோம், பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போனதாச் சொன்னோம்...

மிளகு: அவ பாவம், ஒரு வாரம் கழிச்சு நெஜமாவே ஓடிப்போனா.

அண்ணி: அதனாலதான் கேக்கறேன். இந்த மூணு நாளும் பட்டறையைப் பத்தியே ஏன் சொன்னே?

மிளகு: புதுச் சரக்கு அது ஒண்ணுதான். கடிதம் வந்து நாலு நாள்தான் ஆகுது. எனக்கு ஆசைன்னு சொன்னா நீங்க நம்பறதுக்கு இடமிருக்கு.

அண்ணி: ம்ம். நம்பறதுக்கு இடமிருக்கு...

மிளகு: ஏன் அப்படிப் பாக்கறீங்க? வேற ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அண்ணி, நீங்க சுடற ரொட்டி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அண்ணி: நெஜமாவா?

மிளகு: ...

அண்ணி: கருகினதுகூடவா? இதை நீ ஒரு நாளும் சொன்னதே இல்லையேடி!

மிளகு: அடிக்கலையே... ஐயோ, நீங்க நம்பிட்டீங்க! விஷயமும் பொய், எண்ணமும் சுத்தமா ஏமாத்தற எண்ணம், நம்பவும் நம்பிட்டீங்க! அப்புறமும் அடிக்கல!

அண்ணி: விஷயமும் பொய்யா?

மிளகு: அண்ணி, அது செங்கல். உங்க மனசு நோகக் கூடாதுன்னு பதினோரு வருஷமா தண்ணியில நனைச்சு நனைச்சுத் தின்னுக்கிட்டு இருக்கேன்.

அண்ணி: ஆனா தின்னே. ரெண்டு ரெண்டா தின்னே.

மிளகு: பசிக்கும்ல!

அண்ணி: நகரு. இனி நான் சொல்றேன். என் பொய்க்கு அடிக்காம இருந்ததே இல்லை மாமியார்.

மிளகு: சொல்லுங்க. நம்பற மாதிரி சொல்லுங்க.

அண்ணி: நீ கடல் தாண்டிப் போனா... நான் ஒண்ணும் உடைஞ்சுபோயிர மாட்டேன். நல்லாத்தான் இருப்பேன்.

மிளகு: ...

அண்ணி: ...

மிளகு: அண்ணி?

அண்ணி: இது அடிச்சிருக்கணும்.

மிளகு: பொய்னு நினைச்சுத்தான் சொன்னீங்களா?

அண்ணி: பின்ன? நீ மூணு நாள் உங்க சித்தி வீட்டுக்குப் போனப்போ நான் அடுப்புகிட்டப் பேசினேன்டி. விறகை வெச்சுட்டு, 'சூடு போதுமா'ன்னு கேட்டேன். உங்கண்ணன் வருஷத்துல ரெண்டு மாசம் வீட்டுல இருப்பாரு. மிச்சப் பத்து மாசமும் எனக்கு வீடுன்னா நீதான். இதுக்கு அடிக்கலன்னா... ஐயோ, மிளகு. நெஜமாவே போச்சுடி.

மிளகு: உக்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

அண்ணி: இவ்வளவு நேரம் நான் பயப்படல. எனக்குள்ள வேற ஒரு கணக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அது தப்பாப் போச்சு.

மிளகு: என்ன கணக்கு?

அண்ணி: விடு. வெளியாள் யாரையாவது கூப்பிடு. இது சோதனைன்னு தெரியாத ஆளா வேணும்.

மிளகு: வாசல்ல நிக்கற வாசக்கார மாமாவைக் கூப்பிடவா? உலகத்துல இருக்கற பொய்யெல்லாம் அவர் இடுப்புப் பையிலதான் இருக்கு.

அண்ணி: அவரு சொல்ல வேண்டாம். இந்த அறைக்குள்ள அவரு பொய் சொல்ல வாயே திறக்க மாட்டாரு. நாம அவருக்குச் சொல்லுவோம். கூப்பிடு.

மிளகு: மாமா! மாமோவ்! உள்ள வாங்க கொஞ்சம்!

வாசல்காரர்: இங்கேருந்தே கேக்குது பாப்பா! என்ன வேணும்?

மிளகு: உள்ள வந்தாத்தான் சொல்லுவேன்!

வாசல்காரர்: உள்ள எதுக்கும்மா... காலெல்லாம் சேறு.

அண்ணி: பரவாயில்ல, வாங்க. ஜமக்காளத்தை மட்டும் மிதிக்காதீங்க.

வாசல்காரர்: வந்துட்டேன். சீக்கிரம் சொல்லுங்க. இதுக்குக் கீழ நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்குது.

மிளகு: மாமா, உங்க பசு கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சு!

வாசல்காரர்: ஆமா பாப்பா, ஓடிருச்சு. இப்பத்தான் பாலத்துகிட்டப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கட்டினேன். அந்தச் சேறுதான் இது. உனக்கு யார் சொன்னது?

மிளகு: ...அட ராமா. நெஜமாவே ஓடுச்சா?

அண்ணி: ஒரு பொய்கூட உருப்படியா வரலையேடி உனக்கு!

வாசல்காரர்: பொய்யா? எதுக்கும்மா பொய்? வாளுக்கு ஏதாவது...?

அண்ணி: வாளுக்கு என்ன? எதுக்கு நீங்க முழிக்கிறீங்க?

வாசல்காரர்: முழிக்கலம்மா. பாலத்துகிட்ட நின்னப்போ மேல்கரை வண்டி வர்றதைப் பாத்தேன். கீழ்கரைக்காரங்க நடந்து வர்றாங்க. ரெண்டு கும்பலும் பாலத்து மேல நின்னு, யார் முதல்ல தாண்டறதுன்னு பேசிக்கிட்டு இருக்கு. அது முடிஞ்சதும் வந்துருவாங்க.

மிளகு: இவ்வளவு சீக்கிரமா! மாமா, ஒண்ணே ஒண்ணு. முந்தாநாள் ஒரு பதில் கடிதம் குடுத்தேனே, பட்டறைக்கு. படகுல போட்டீங்களா?

வாசல்காரர்: அதுவா... அது... இரு, வாசல்ல போய் நின்னு சொல்றேன்.

மிளகு: இங்கேயே சொல்லுங்க!

வாசல்காரர்: பசு கத்துது பாப்பா!

மிளகு: எங்க கத்துது? மாமா! ...போயிட்டாரு. நிலைப்படியைத் தாண்டின அப்புறம்தான் பசு கத்துதுங்கறாரு, என்ன வேகம் பாருங்க.

அண்ணி: என்ன எழுதியிருந்தே அதுல?

மிளகு: மன்னிக்கணும், வர முடியாது, வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு. அண்ணி, அவங்களுக்கு என்னைப் பத்தி யார் சொல்லியிருப்பாங்க?

அண்ணி: எனக்கு எப்படித் தெரியும்?

மிளகு: சத்தத்தை வெச்சே விரிசலைச் சொல்லிருவா, கோவில் மணி பழுதானப்போ எந்த இடம்னு தொடாமலே காட்டினான்னு விவரமா எழுதியிருக்காங்க. யாரோ சொல்லாம எப்படித் தெரியும்? யாரா இருந்தாலும் சரி, அவங்களுக்கு நான் இங்க இருக்கறது பிடிக்கல. அது மட்டும் நிச்சயம்.

அண்ணி: அப்படி ஏன்டி நினைக்கிறே?

மிளகு: பிடிச்சிருந்தா கடல் தாண்டி அனுப்பப் பாப்பாங்களா? ...சரி, அதை விடுங்க. அழுதீங்கன்னா நானும் அழுதுருவேன், அப்புறம் ரெண்டு கரைக்காரங்களும் நம்மளைத்தான் சமாதானப்படுத்தணும்.

அண்ணி: வந்தவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிருவோமா? வாள் ஊமையாயிருச்சு, திரும்பிப் போங்கன்னு?

மிளகு: நான் சொல்றேன். நோட்டுல பொய் எழுதினது நான். பழி என் தலையில விழட்டும். நீங்க பேசாம நில்லுங்க.

அண்ணி: உன்னைத் தனியா நிக்க வெச்சுட்டு நான் வேடிக்கை பாப்பேனா?

மிளகு: தனியா என்ன தனியா? காவல் போனா போகட்டும். சின்னதா ஒரு வீடு பாத்துக்குவோம். நீங்க செங்கல் சுடுங்க, நான் நனைச்சுத் தின்னுக்கறேன். நான் எங்கயும் போக மாட்டேன், அண்ணி. பட்டறையுமாச்சு, மணியுமாச்சு. அங்க போகணும்னு எனக்குத் துளிகூட ஆசை இல்லை.

வாசல்காரர்: அம்மோவ்! மணி! மணி அடிக்குது! யாரும்மா அங்க பொய் சொல்றது?

மிளகு: ...

அண்ணி: ...

வாசல்காரர்: பசு மறுபடியும் அத்துக்கிட்டு ஓடிருச்சும்மா! என்ன அடி அடிக்குது! பாலத்துல நிக்கிறவங்க எல்லாரும் வாயை மூடிட்டாங்க!

அண்ணி: மிளகு.

மிளகு: ம்.

அண்ணி: மாமியார் உயிரோடதான் இருக்காங்க.

மிளகு: இன்னும் ஆடுது. கயிறு ரெண்டும் துடிக்குது பாருங்க... அண்ணி, இப்ப அடிக்குதுன்னா...

அண்ணி: சொல்லு.

மிளகு: மூணு நாளா நான் சொன்னது எல்லாம்...

அண்ணி: உண்மை.

மிளகு: எனக்குத் தெரியாது, அண்ணி! சத்தியமாத் தெரியாது. போக வேண்டாம்னு கிணத்தடியில முடிவு பண்ணினேன். முடிவு பண்ணிட்டா ஆசையும் போயிரும்னு நினைச்சேன். போயிருச்சுன்னே நம்பினேன். பொய்க்கு ஏமாற ஒரு ஆள் வேணும்ல... அந்த ஆளும் நானாத்தான் இருந்திருக்கேன்.

அண்ணி: எனக்கு முதல் நாளே தெரியும். ரொட்டி கருகினதுக்காகவா ஓடினேன்? நீ 'ஆசை'ன்னு சொன்னதும் அது அடிக்கல. அங்க நின்னா என் முகம் காட்டிக்குடுத்துரும்னு ஓடினேன். ஓடின பதட்டத்துல அடுப்பைக் கவனிக்கல, அதுக்கப்புறம்தான் ரொட்டி கருகுச்சு.

மிளகு: அப்ப அதுதான் உங்க கணக்கா? அப்புறம் ஏன் பாதியில பயந்தீங்க?

அண்ணி: நான் சொன்னதுக்கு அடிக்கலையே. நீ இல்லாம நல்லா இருப்பேன்னு சொன்னேன்... அது முழுப் பொய்னு அவ்வளவு நிச்சயமா இருந்தேன்.

மிளகு: அதுவும் உண்மையா?

அண்ணி: அப்படித்தான் ஆகுது. எனக்கே இப்பத்தான் தெரியுது. நான் உடைஞ்சுபோக மாட்டேனாம்டி. அடுப்போட பேசுவேன், அழுவேன், ஆனா நல்லா இருப்பேனாம். நாலு நாளா நெஞ்சுல கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருக்கு.

மிளகு: இருங்க, இருங்க. அப்ப ரொட்டி?

அண்ணி: ஆஹா! ரொட்டி!

மிளகு: ஐயையோ.

அண்ணி: 'நீங்க சுடற ரொட்டி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.' யார் சொன்னது? அடிச்சுதா? ம்? அடிச்சுதா?

மிளகு: சிரிக்காதீங்க! பல்லு உடையற ரொட்டி எப்படிப் பிடிக்கும் ஒருத்திக்கு?

அண்ணி: அதை உன் மாமியார்... இல்ல, என் மாமியார்கிட்டக் கேளு.

மிளகு: கப்பல்ல எனக்கு ஒரு மூட்டை கட்டிக் குடுத்துருங்க. கெடவும் கெடாது, எவனும் திருடவும் மாட்டான்.

அண்ணி: அப்ப போறே.

மிளகு: போகணும்னு எனக்கு ரொம்ப ஆசை... பாருங்க, சொல்லிட்டேன். கம்முனு இருக்கு. ஆனா முடியாதே, அண்ணி. பதில்தான் போயிருக்குமே. வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு என் கையாலேயே எழுதிட்டேனே.

அண்ணி: வாசக்காரரே! இப்படி வாங்க! இந்தத் தடவை உள்ள வந்து நின்னு பதில் சொல்லணும்!

வாசல்காரர்: பசுவைப் பிடிச்சுட்டேன்மா. வந்துட்டேன். எதுவும் கேக்காதீங்க, நானே சொல்லிடறேன். கடிதம் இந்தா, பையிலயே இருக்கு. படகுல போடல. அம்மாதான் நாலு நாள் பொறுத்துப் பாருங்கன்னாங்க.

மிளகு: அண்ணி!

அண்ணி: என்ன அண்ணி? அவசரமா எழுதின கடிதம் கொஞ்சம் ஆறட்டும்னு நினைச்சது தப்பா?

மிளகு: கேள்வி! மறுபடியும் கேள்வி! ...குடுங்க மாமா அதை. இதைக் கிழிச்சு அடுப்புல போடுங்க. வேண்டாம், நானே போடறேன்.

வாசல்காரர்: ஏன் பாப்பா சிரிச்சுக்கிட்டே அழறே?

மிளகு: நான் போறேன் மாமா! மணி வார்க்கப் போறேன்! ஆனா காவலுக்கு ரெண்டு பேர் வேணுமே. தினம் காலையில ஒரு பொய் சொல்ல ஆள் வேணுமே, அண்ணி?

அண்ணி: ஆளுக்கா பஞ்சம்? வாசக்காரரே, தினம் காலையில ஒண்ணே ஒண்ணு. அலுங்காம, நம்பற மாதிரி. முடியுமா உங்களால?

வாசல்காரர்: ஒண்ணு போதுமாம்மா?

மிளகு: இந்த வேலைக்குன்னே பொறந்தவர்! போங்க மாமா, போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு கும்பலையும் ஒண்ணாத் தாண்டச் சொல்லுங்க, பாலம் அகலமாத்தான் இருக்கு.

வாசல்காரர்: போறேன், போறேன்.

அண்ணி: அந்த ஜமக்காளத்து மூலையைப் பிடி. நேரா இழு. மூக்கைத் துடை முதல்ல.

மிளகு: துடைச்சாச்சு. அண்ணி...

அண்ணி: இன்னும் என்ன?

மிளகு: இப்பத்தான் புரியுது. அந்தப் பட்டறைக்கு என்னைப் பத்தி எழுதினது எங்கண்ணன்தானே? அவன் கப்பல் அந்தத் துறைமுகத்துக்குத்தானே போகுது. கோவில் மணி விஷயமும் அவனுக்குத் தெரியும். எனக்கு நல்லது பண்ணத்தான் எழுதியிருப்பான். நான்தான் தப்பா நினைச்சுட்டேன்.

அண்ணி: இப்ப எதுக்கு அதெல்லாம்?

மிளகு: கேள்வி வேண்டாம். ஒரே ஒரு தடவை நேரா சொல்லுங்க. எங்கண்ணன்தானே?

அண்ணி: ...ஆமா. உங்கண்ணன்தான் எழுதினாரு. அவருக்குத்தான் நீ நன்றி சொல்லணும்.

வாசல்காரர்: அம்மா! என்னம்மா இது, மறுபடியும் மணி! ரெண்டு கரைப் பெரியவங்களும் வாசல்லயே வந்து நிக்கறாங்க, உள்ள யாரு பொய் சொல்றதுன்னு கேக்கறாங்க! என்ன பதில் சொல்லட்டும்?

மிளகு: இன்னிக்குக் காலைப் பொய் ரெண்டுன்னு சொல்லுங்க, மாமா! முதல்ல சொன்னது நான். ரெண்டாவது சொன்னது எங்க அண்ணி... அஞ்சு நிமிஷம் அங்கேயே நிக்கச் சொல்லுங்க. நான் இவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.